நடுக்கூடத்தில் நின்ற பாட்டு

என் மனைவிக்குக் காது கேட்காமல் போனதற்கு ஊசி மருந்துதான் காரணம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். மகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் அந்த ஊசியைப் பாதியிலேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சமாவது காது மிஞ்சியிருக்கும். நிறுத்தாமல் விட்டது நான். அதற்குப் பின்னால் எங்கள் வீட்டு ஸ்டீரியோ செட் இருக்கிறது. அதன் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் நான் எங்கெங்கே வைத்தேன் என்பது இருக்கிறது. கேட்பவர்களுக்குச் சம்பந்தமில்லாத பேச்சாகத் தெரியும் என்பதால் இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அவள் இல்லை. எழுதிவிடுகிறேன்.

நான் இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். வீடு கடலோரத்தில், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில். முஸ்லிம்கள் நிறைந்த ஊர். ஒரு காலத்தில் தோணியில் சரக்கு ஏற்றிப்போன குடும்பங்களின் பிள்ளைகள், நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் துபாய்க்கும் சவூதிக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். என் மனைவியின் தம்பியும் போனான். எண்பதுகளின் தொடக்கத்தில், முதல் விடுமுறையில் வந்தபோது அக்காவுக்கென்று அவன் கொண்டுவந்ததுதான் அந்த செட். ‘அக்காவுக்கென்று’ என்பதை நான் தெரிந்தேதான் எழுதுகிறேன். அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது அவன் அப்படித்தான் சொன்னான். கொஞ்ச நாளில் அது என் செட் ஆகிவிட்டது.

ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த நடுப்பகுதி ஒன்று. தனியாகக் கழற்றி வைக்கக்கூடிய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு. எங்கள் ஊரில் அதுவரை எல்லோரிடமும் இருந்தது கைப்பிடி வைத்த, ஒரே உடம்பான டேப்ரிக்கார்டர்தான். இப்படித் தனித்தனிப் பெட்டியாக வந்தது முதல் தடவை என்பதால் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. எல்லோரும் போன பிறகு சாயங்காலம் அதைப் பொருத்த உட்கார்ந்தோம்.

மச்சினன் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சொருகிப் பாத்துருவமா மச்சான்?”

“கைய எடுப்பா மொதல்ல.”

செட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு மூலையில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. அது 110இல் நின்றது. அதை ஸ்குரூ டிரைவரால் 220க்குத் தள்ளினேன்.

“இத மாத்தாமச் சொருகியிருந்தா பாட்டுக்குப் பதிலா பொகதான் வந்திருக்கும்.”

“அதுக்குத்தான் வாத்தியாரு மச்சான் வேணுங்கிறது. நானா இருந்தா இந்நேரம் கருகுன வாடை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அடிச்சிருக்கும்” என்றான் அவன்.

“அடிச்சிருந்தா என்னா, பிரியாணின்னு நெனச்சுப் பாத்திரத்தத் தூக்கிட்டு வந்திருப்பாங்க” என்றாள் என் மனைவி, கதவோரத்திலிருந்து.

வளைகுடாவின் சதுர பின் பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் பிளக்கைப் பூட்டினேன். எந்த ஒயர் எதற்கு என்று கையேட்டைப் பார்த்தேன். இங்கிலீஷிலும் அரபியிலும் இருந்தது. அதில் ஒரு படம்: இரண்டு பெட்டிகள், எதிரே ஒரு நாற்காலி, மூன்றையும் சேர்த்து ஒரு முக்கோணம். பெட்டிகளுக்கு இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் தள்ளி, நடுவில் உட்கார வேண்டும். ஏன் என்பது எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக்கு ஒலி பாடம் நடத்துகிறவன் நான். இரண்டு காதுகளுக்கும் வெவ்வேறாக வந்து சேரும் சத்தத்தை மூளை ஒன்றாக்கிக்கொள்கிறது என்பதை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். இதைச் சொல்லிவைக்கிறேன், பிறகு தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பேசக்கூடாது.

முன்கூடத்தில் பெட்டிகளை அளந்து வைத்தேன். அன்றைக்கு வீட்டில் வெளியாட்கள் இல்லை. பாயை விரித்தோம்.

“லாத்தா, அந்த நாக்காலிப் படம் ஒனக்குத்தான். வா, நடுவுல வந்து உக்காரு” என்றான் தம்பி, அக்காவைப் பார்த்து.

அவள் வந்து நடுவில் உட்கார்ந்தாள். மகள் அப்போது சிறு பிள்ளை, மடியில் ஏறிக்கொண்டாள். தம்பி கொண்டுவந்த கேசட்டைப் போட்டான். கப்பலில் இருக்கும் கணவன் கேட்பதுபோலவும் கரையில் இருக்கும் மனைவி பதில் சொல்வதுபோலவும் ஒரு பாட்டு. ஆண் குரல் வலதுபக்கப் பெட்டியிலிருந்து வந்தது. பெண் குரல் இடதுபக்கத்திலிருந்து. கடைசி அடியை இருவரும் சேர்ந்து பாடும்போது இரண்டு குரலும் நகர்ந்து வந்து நடுவில் சேர்ந்தன. அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் சுவர்.

அவள் பெட்டிகளைப் பார்க்கவில்லை. அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, பாட்டு பொட்டியில இல்லயே. நடுக்கூடத்துல நிக்கிதே” என்றாள்.

எத்தனையோ மாணவர்களுக்கு என்னால் புரியவைக்க முடியாததை அவள் ஒரே பாட்டில் கண்டுபிடித்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது, “நிக்கல. நிக்கிற மாதிரி தோணுது” என்பது.

“தோணுனா என்னா, நிக்கிதுல்ல” என்றாள்.

தம்பி திரும்பிப் போன பிறகு அவள் வீட்டு வேலை முடிந்ததும் தானே கேசட்டைப் போட்டுக்கொண்டு கேட்கப் பழகியிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம். எங்கள் வீடுகளில் முன்கூடம் ஆண்கள் வந்து உட்காரும் இடம். வெளி ஆண்கள் யாரும் இல்லாதபோது பெண்கள் அங்கே இருப்பதை ஒருவரும் தப்பாக நினைத்ததில்லை. அவள் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். அதனால் பின்னால் நடந்ததற்கு ஊர் வழக்கத்தின் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க முடியாது.

ஒருநாள் அரை நாளோடு பள்ளி முடிந்து, ஜவுளிக்கடை வைத்திருந்த நண்பரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவள் பாயில், சரியாக அந்த நடு இடத்தில், முக்காடு தோளில் கிடக்கக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் நுழைந்தது அவளுக்குத் தெரியவில்லை. நண்பர் திரும்பி நின்று இருமினார். அவள் பதறி எழுந்து உள்ளே போனாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க வாத்தியாரே, வீட்டுல கச்சேரி நடக்குதுன்னு தெரியாமப் போச்சு” என்றார் நண்பர்.

அவர் சும்மா சொன்னதுதான். ஆனால் எனக்கு முகம் எரிந்தது. வந்த ஆளின் முன்னால் என் மனைவி அப்படி உட்கார்ந்திருந்தது என்பதைவிட, நான் வந்தது தெரியாத அளவுக்கு அவள் வேறு எங்கேயோ இருந்தாள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அடுத்த விடுமுறை நாளில் இராமநாதபுரத்திலிருந்து ஒயர் வாங்கிவந்தேன். வலதுபக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் உள்கூடத்தில், அடுப்படிக்குப் போகும் வாசலுக்கு மேல், பலகை அடித்து வைத்தேன். ஒயரைச் சுவரோரமாக ஆணியடித்துக் கொண்டுபோய் இரண்டு கூடத்துக்கும் இடையிலிருந்த காற்றுத் துவாரம் வழியாக விட்டேன்.

“நீ வேல செஞ்சுக்கிட்டே கேக்கலாம். முன்னால வந்து உக்கார வேண்டியதில்ல” என்றேன்.

அவள் சந்தோஷப்பட்டதுபோலத்தான் இருந்தது. வலதை ஏன் உள்ளே வைத்தேன் என்றால், அந்தக் கேசட்டில் பெண் குரல் இடது பெட்டியில் வந்தது. நண்பர்களுக்கு அந்தக் குரல்தான் பிடிக்கும். எனக்கும். யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

சில நாள் கழித்து அவள் கேட்டாள்.

“என்னங்க, அன்னைக்கு நடுவுல நின்னுச்சே, இப்ப ஏன் நிக்க மாட்டேங்குது? அந்தப் பொண்ணு கொரலும் தூரத்துல கேக்குது.”

பெட்டிகளைப் பிரித்ததால்தான் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பது எனக்குத் தெரியும்.

“புதுசுல அப்படித்தான் நிக்கும். போகப் போக நிக்காது” என்றேன்.

அவள் நம்பினாள். நான் எம்.எஸ்ஸி. படித்தவன். மெஷினைப் பற்றி நான் சொன்னால் அவள் நம்பாமல் என்ன செய்வாள்.

இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே துணியில் உறை தைத்தாள். ஓரத்தில் பச்சை நூலில் இலை போட்டிருந்தாள். எங்கள் ஊரில் உப்புக்காற்றுக்கு எதையும் மூடித்தான் வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரி இலை. முன்கூடத்துப் பெட்டிக்கு உறையை என்னிடம் கொடுத்துப் போடச் சொன்னாள்.

அப்படியே வருடங்கள் போயின. சாயங்காலம் நண்பர்கள் வருவார்கள். பாங்கு சொல்லும்போது சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, தொழுதுவிட்டு வந்து மறுபடி போடுவோம். நோன்பு மாதத்தில் செட் உறைக்குள்ளேயே இருக்கும். மற்ற நாளெல்லாம் பாட்டுதான். எல்லாப் பாட்டும் அந்தப் பாட்டைப்போல இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை. பழைய கேசட்டுகளில் இரண்டு பக்கமும் ஒன்றேதான். ஆனால் புதிதாக வந்தவை பலவற்றில் ஒரு பக்கம் குரல், ஒரு பக்கம் வாத்தியம் என்று இருந்தது. உள்ளே போனது பெரும்பாலும் வாத்தியம்.

ஒருநாள் ஜவுளிக்கடை நண்பர், உள்ளேயிருந்து வந்த ஆண் குரலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“என்ன வாத்தியாரே, ஒங்க வீட்டு வழக்கம் தலகீழா இருக்கு. பொம்பளக் கொரல வெளிய உக்கார வச்சுட்டு ஆம்பளய உள்ள அனுப்பிட்டீங்க.”

“சயின்ஸுங்க. ஒங்களுக்குப் புரியாது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பேசும்போது பாட்டுச் சத்தம் போதவில்லை என்றால் பாலன்ஸ் குமிழை இடதுபக்கம் திருப்புவேன். அப்போது உள்ளே இருக்கும் பெட்டி அடங்கிப்போகும். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. கரன்ட் குறைந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அவள் வேலை செய்துகொண்டே பாடுவாள். உள்ளே இருக்கும் பெட்டியில் கேட்ட மாதிரியேதான் பாடுவாள்; முன்கூடத்தில் முழுதாகக் கேட்ட கொஞ்ச நாள் அவளுக்கு மங்கிப்போயிருக்கும். கணவன் கேட்கும் அடியைப் பாடிவிட்டு நிறுத்துவாள். பதில் வரவேண்டிய இடத்தில் அதே அளவு நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்த கேள்வியைப் பாடுவாள். சில பாட்டுகளில் வயலின் போகிற போக்கு மட்டும் அச்சுப் பிசகாமல் வரும், வார்த்தையே இருக்காது. முன்கூடத்தில் இருந்தே அது எனக்குக் கேட்கும். ஏன் என்பதும் தெரியும்.

மகள் பெரியவளான பிறகு ஒரு கல்யாண வீட்டுக்கு இருவரும் போய்விட்டு வந்தார்கள். மகள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

“வாப்பா, மானமே போச்சு! பொம்பளங்க எல்லாம் உம்மாவப் பாடச் சொன்னாங்க. உம்மா ஒரு அடி பாடிட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்காங்க. அப்புறம் இன்னொரு அடி. மறுபடியும் சும்மா. மறந்துட்டாங்கன்னு நெனச்சு மாமி எடுத்துக் குடுக்கிறாங்க. உம்மா, ‘இரு, இன்னும் வரல’ங்கிறாங்க. சிரிச்சுச் சிரிச்சு எல்லாருக்கும் வயிறு வலிச்சுருச்சு. பாதிப்பாட்டுக்காரின்னு பேரே வச்சுட்டாங்க.”

“பாட்டு அப்படித்தான இருக்கு” என்றாள் என் மனைவி. அவளும் சிரிக்க முயன்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் படித்தவன், நான் சொன்னால் மகள் ஒத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள்.

நான் மகளோடு சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவள் பாடுவது குறைந்தது. கேட்பது மட்டும் நிற்கவில்லை.

அவளுக்கு இருமல் விடாமல் இருந்தது தொண்ணூறுகளில். உடம்பு இளைத்தது. இராமநாதபுரத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு டி.பி. என்றார். மாத்திரைகளோடு தினமும் ஓர் ஊசி. எங்கள் ஊரிலேயே கம்பவுண்டர் ஒருவர் போட்டுவிடுவார். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் பேசினார். இந்த ஊசி சிலருக்குக் காதைப் பாதிக்கும், காதில் இரைச்சலோ கேட்பதில் குறைவோ தலைசுற்றலோ தெரிந்தால் அன்றைக்கே ஊசியை நிறுத்திவிட்டு வந்து பாருங்கள் என்றார். படித்தவர் என்பதால் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “என்னா சொன்னாரு?”

“முட்டையும் பாலும் நல்லாச் சாப்பிடச் சொன்னாரு” என்றேன்.

பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். நான்தான் கூடவே இருக்கிறேனே, எனக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்தேன்.

ஊசி போட ஆரம்பித்துச் சில வாரம் ஆனது. இருமல் நின்றது. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னாள்.

“என்னங்க, உள்ள இருக்கிற பொட்டியில சத்தம் கொறஞ்சுபோச்சு.”

பாலன்ஸ் குமிழைப் பார்த்தேன். முந்தின நாள் நண்பர்களுக்காக இடது பக்கம் திருப்பியது அப்படியே இருந்தது. நேராக்கினேன். “இப்பச் சரியாயிருக்கும்” என்றேன்.

ஒரு வாரம் போயிருக்கும். மறுபடி சொன்னாள்.

“சத்தம் வருது. ஆனா மழுங்கலா வருது. ஜால்ரா சத்தமே இல்ல. சலங்கச் சத்தமும் இல்ல. தலகாணிய வச்சு அமுக்குன மாதிரி இருக்கு.”

இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகமாக இருந்தது. ஸ்பீக்கர் பெட்டிக்குள் இரண்டு கூம்புகள் இருக்கும். பெரியது தடித்த ஒலிகளுக்கு, சிறியது மெல்லிய ஒலிகளுக்கு. ஜால்ராவும் சலங்கையும் சிறிய கூம்பில்தான் வரும். அவள் சொன்னது அவ்வளவு துல்லியமாக இருந்தது. அடுப்படிப் புகையும் உப்புக்காற்றும் படும் இடத்தில் இருந்த பெட்டி அது. கெட்டுப்போவதில் ஆச்சரியமே இல்லை. நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கினேன். பின்பலகையைக் கழற்றினேன். சிறிய கூம்புக்குப் போகும் ஒயரின் முனை பச்சையாகப் பூத்திருந்தது.

“பாரு, இதுதான்” என்று அவளிடம் காட்டினேன். “உப்பு அரிச்சிருக்கு.”

அவள் குனிந்து பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தாள். கொஞ்ச நாளாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள். நோய்ச் சோர்வு என்று நினைத்தேன்.

ஸ்பிரிட்டால் துடைத்து, ஒயரை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தேன். பெட்டியை மேலே ஏற்றிப் பாட்டைப் போட்டேன். என் காதுக்குக் கண்ணாடிபோல் இருந்தது.

“எப்படி?” என்றேன்.

அவள் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தாள். நான் வேர்த்து நின்றதையும் பார்த்தாள்.

“ம், கேக்குது” என்றாள்.

எனக்காகச் சொன்னது அது. அப்போது நான் அவளை முன்கூடத்துக்கு அழைத்துப்போய் அந்தப் பெட்டியின் பக்கத்திலும் உட்காரவைத்திருந்தால் போதும். இரண்டும் மழுங்கலாக இருப்பதாக அவள் சொல்லியிருப்பாள். இரண்டு பெட்டியும் ஒன்றாகக் கெடாது என்று எனக்குத் தெரிந்திருக்கும். இரண்டும் முதலிலிருந்தே ஒரே அறையில் இருந்து, நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவனாக இருந்திருந்தால், அவள் வாய் திறக்க வேண்டிய அவசியம்கூட இருந்திருக்காது. அவள் கேட்டது ஒரு பெட்டி, நான் கேட்டது ஒரு பெட்டி. அதனால் குறை பெட்டியில் என்றே இருவரும் நம்பினோம். காதைக் கவனிக்கச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய நான் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை அவள் சொன்னபோது மகளும் இருந்தாள். அன்றைக்குப் பள்ளியில் எனக்கு ஏதோ எரிச்சல். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொட்டி மறுபடியும்...”

“ஒனக்கு என்னைக்குத்தான் முழுசாக் கேட்டுச்சு? நீதான் பாதிப்பாட்டுக்காரியாச்சே” என்றேன்.

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. உள்ளே போய் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு பெட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசி மட்டும் தினமும் ஏறிக்கொண்டிருந்தது.

அது தெரிந்த நாள் சாதாரண நாள்தான். நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது அடைந்து மஃரிபு பாங்கு ஆரம்பித்தது. பள்ளிவாசல் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில். ஒலிபெருக்கி எங்கள் பக்கம் பார்த்தே இருந்தது. நான் செட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாங்கின் முதல் சொல் காதில் விழுந்ததுமே முக்காட்டை இழுத்துக்கொள்கிறவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அது தவறி நான் பார்த்ததில்லை. இப்போது தலை திறந்திருந்தது. பாங்கு வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தது. அவள் இலையை உருவிக்கொண்டிருந்தாள். என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, “பாங்கு சொல்ற நேரம் ஆயிருச்சா?” என்று கேட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். டாக்டர் ஊசியை நிறுத்தினார். இசைக்கவை ஒன்றை எடுத்துத் தட்டி அவள் காதருகே பிடித்தார். நான் வகுப்பில் வைத்திருக்கும் அதே மாதிரிக் கவை. அவள் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனது திரும்பாது, மிச்சமும் நிற்பது சந்தேகம் என்றார். ஏன் முன்பே வரவில்லை என்று என்னிடம் கேட்டார். அடுத்த சில மாதங்களில் மிச்சமும் போய்விட்டது. மதுரைக்கும் போய்ப் பார்த்தோம். காதில் மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தேன். வெறும் இரைச்சல்தான் வருகிறது என்று கழற்றிப் பீரோவில் வைத்தாள்.

நோய் குணமாகிவிட்டது. உடம்பு தேறினாள். அதனால் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் உயிர் பிழைத்ததே பெரிது, அல்லாஹ் காப்பாற்றினான் என்றார்கள். நான் ஆமாம் என்றேன். அவள் எங்கள் உதடுகளைப் பார்த்து யார் என்ன சொல்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

மகள் கல்யாணமாகிப் போனாள். ஜவுளிக்கடை நண்பர் நெஞ்சுவலி வந்து மௌத்தாகிவிட்டார். மற்றவர்கள் வருவது நின்றது. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். செட்டைப் போடுவதே இல்லை. ஒருநாள் காலையில் எதற்கென்று தெரியாமல் நாற்காலி போட்டு ஏறி, உள்கூடத்துப் பெட்டியை இறக்கினேன். காற்றுத் துவாரத்திலிருந்து ஒயரை உருவினேன். அதை முன்கூடத்துக்குக் கொண்டுபோய், பழைய இடத்தில், மற்றதற்குச் சமமாக வைத்தேன். அவள் துடைத்த கையோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பாயை விரித்து நடுவில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

“எனக்கு எதுக்குங்க?” என்றாள். காது போன பிறகு அவள் குரல் உரத்துவிட்டது. வெளியே தெருவுக்குக் கேட்கும்.

ஆனாலும் உட்கார்ந்தாள். தம்பி கொண்டுவந்த அந்தக் கேசட்டைப் போட்டேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, முன்னால் நகர்ந்து, இரண்டு பெட்டிகளையும் தன் பக்கம் இழுத்து, உறைக்கு மேலேயே இரண்டின் மேலும் உள்ளங்கைகளை வைத்தாள். கணவன் கேட்கும் அடி வந்தபோது வலது கையைப் பார்த்தாள். மனைவியின் பதில் வந்தபோது, அவள் தலை இடது பக்கம் திரும்பியது. அந்தக் கையை அவள் வெகுநேரம் பார்த்தாள். எத்தனையோ வருடம் அவள் சும்மா இருந்து காத்திருந்த இடங்களிலெல்லாம் அந்தப் பெட்டி துடித்துக்கொண்டிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன்.

இருவரும் சேர்ந்து பாடும் கடைசி அடி வந்தது.

“நடுவுல நிக்கிதா?” என்று கேட்டாள்.

நின்றது. அந்த முதல் சாயங்காலம் போலவே, வெறும் சுவருக்கு முன்னால் தெளிவாக நின்றது. நான் தலையாட்டினேன்.

அவள் கைகளை எடுக்காமலே வெளிறிப்போன உறைகளைப் பார்த்தாள்.

“இது புதுசு இல்லயே” என்றாள்.

நான் பேச ஆரம்பித்தேன். அவளுக்குப் புரிவதற்காக உதட்டை அகலமாக அசைத்து மெதுவாகப் பேசுவது பழகியிருந்தது. அப்படித்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைப் பிரித்ததையும், பொய் சொன்னதையும், டாக்டர் இங்கிலீஷில் சொன்னதையும். அவள் நான் வாயைத் திறந்ததுமே குனிந்துகொண்டாள். உறையின் ஓரத்தில் பிரிந்திருந்த பச்சை நூலைப் பல்லால் கடித்து எடுத்து, துணியை இழுத்துச் சரிசெய்தாள். நான் முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு அடுத்த பெட்டியின் உறையையும் சரிசெய்தாள்.

“அடுப்புல பால் இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் மறுபடி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவளுக்கு வேறு பக்கம் பார்க்க ஏதாவது வேலை இருந்தது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவளும் மௌத்தாகி இப்போது வீடு காலியாக இருக்கிறது. மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அந்தக் கேசட்டைப் போட்டு, பாலன்ஸ் குமிழை வலது பக்கம் முழுவதும் திருப்பிவைத்து, அவளுக்குக் கொடுத்த பெட்டியை மட்டும் கேட்டேன். கப்பலில் இருக்கும் ஆள் கேட்கிறான். பதில் இல்லை. எங்கோ பின்னால் வயலின் மட்டும் போகிறது. அவன் மறுபடி கேட்கிறான். பதில் இல்லை. பாட்டு முடியும்வரை என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.